மூன்றாம் தெரு வீட்டு ஏலம்

அத்தியாயம் 11

ஜெனலுக்குப் பொய் சொல்ல வராது என்று ஹால்வர்சன் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீடு வாங்கி விற்கும் தரகில் வருடக்கணக்காக இருந்துகொண்டு அப்படி ஒரு பெயர் எடுப்பது லேசில்லை. கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்பாள். நிலவறையில் தண்ணீர் வருமென்றால், வாங்க வந்தவரைக் கையைப் பிடித்து இறக்கிச் சுவரில் ஈரம் ஏறிய தடத்தைக் காட்டுவாள். அந்த நல்ல பெயர்தான் இந்தச் சனிக்கிழமை அவளுக்கு எமனாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், அறுவடை முடிந்த சோளக்காட்டு ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு அவள் கணவன் கர்ட் அந்தச் செய்தியைச் சொன்னான். ஊரில் இருக்கும் ஜன்னல் தயாரிக்கும் ஆலையில் இரண்டாவது உற்பத்தி லைனை மூடப் போகிறார்கள். புத்தாண்டு கழிந்ததும் அறிவிப்பு வரும். அங்கே உற்பத்தி மேலாளர் என்பதால் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். திறக்காமல் இருந்தால் தெற்கே டென்னசியில் இருக்கும் அதே கம்பெனியின் ஆலையில் அவனுக்கு இடம் உண்டு. திறந்தால் அதுவும் கிடையாது, கைக்கு வரவேண்டிய பணமும் கிடையாது.

"லினெட்?" என்று மட்டும் கேட்டாள் ஜெனல்.

"அவ ரெண்டாவது லைன்தானே," என்றான் கர்ட். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவேயில்லை.

லினெட் அவளுடைய ஒரே தங்கை. விவாகரத்துக்குப் பிறகு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறாள். மகள் பிரின் அப்பாவிடம் இருக்கிறாள். அம்மாவுக்கு ஒழுங்கான வீடு அமைந்தால் பெண்ணை அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மூன்றாம் தெருவில், செத்துப்போன எல்வின் மோவின் வீட்டை ஏலத்தில் எடுக்க லினெட் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு படுக்கையறை, ஒரு கராஜ், பின்னால் ஒரு மேப்பிள் மரம். வங்கி ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் வரை தருவதாகச் சொல்லிவிட்டது. ஏலம் இன்றைக்கு மதியம்.

ஏலத்தில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டு முடிந்துவிட்டால் அங்கேயே கையெழுத்துப் போட்டு, பத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட வேண்டும். மறுநாள் மனசு மாறினாலும் வேலை போனாலும் அந்தப் பணம் திரும்ப வராது.

வாரம் முழுக்க ஜெனல் சுற்றி வளைத்துப் பார்த்தாள். கூரை பழசு என்றாள். ஹீட்டர் முனகுகிறது என்றாள். பக்கத்து வீட்டு நாய் ராத்திரியெல்லாம் குரைக்கும் என்றாள்.

"என்னடி இது, ஊர்ல எல்லாருக்கும் வீடு விக்கிற, எனக்கு மட்டும் வேணாங்கிற," என்று லினெட் சிரித்தாள். "தங்கச்சின்னா கமிஷன் வராதுன்னா?"

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஜெனல் ஃபோனை எடுத்தாள், வைத்தாள். லினெட்டிடம் ரகசியம் சொல்வது என்றால், ஊர் நடுவில் இருக்கும் தானியக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று சொல்வதும் ஒன்றுதான். மறுநாள் காலை முதல் ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் கர்ட்டின் கதி? இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. டென்னசியில் இவ்வளவு பனி கிடையாது, சம்பளம் அதிகம், அவளுக்கும் இந்த ஊர் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த இரண்டாவது காரணத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும், நீயும் யாரிடமும் சொல்லாதே என்று கர்ட்டிடம் தினமும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தில் வணிகர் சங்கத்தின் பான்கேக் விருந்து. தீயணைப்பு வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். வருடாவருடம் இந்த விருந்தில் ஒவ்வொருவராக எழுந்து, அடுத்த வருடம் இந்த ஊர் இருக்கும் டன்பர் கவுண்டிக்கு எப்படி இருக்கும் என்று பேசுவது வழக்கம். சோளத்தைப் பற்றி ஒருவர், வட்டியைப் பற்றி ஒருவர். வீட்டைப் பற்றி எப்போதும் ஜெனல்தான்.

லினெட் தட்டு நிறையப் பான்கேக்கும் சாசேஜும் வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"பிரின் ரூமுக்கு மஞ்சள் அடிக்கணுமாம். இலேசான மஞ்சள் இல்லியாம், ஸ்கூல் பஸ் மஞ்சளாம்!"

"முதல்ல வீடு கிடைக்கட்டும்."

"கிடைக்கும். எனக்கு என்னமோ கிடைக்கும்னு தோணுது." பான்கேக்கை ஃபோர்க்கில் குத்தி ஜெனலின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க? பேச பயமா? வருஷாவருஷம் பேசறதுதானே."

ஜெனல் அந்தத் துண்டை வாயில் போட்டாள். காப்பியை ஊற்றித் தள்ள வேண்டியிருந்தது.

எழுதி வைத்திருந்த பேச்சு கோட்டுப் பையில் இருந்தது. அது பூசி மெழுகிய பேச்சு. விலை ஓரளவு நிலையாக இருக்கிறது, வட்டி குறையும்வரை பொறுத்திருப்பவர்கள் பொறுக்கலாம், பெரிய செலவுக்கு முன் நிதானம் நல்லது என்று போகும். யாரும் குறை சொல்ல முடியாது, யாருக்கும் உபயோகமும் இல்லை. அதைப் படித்துவிட்டு உட்காரத்தான் நினைத்திருந்தாள்.

மைக் முன்னால் போய் நின்ற பிறகுதான் கடைசி மேஜையில் அந்த ஆள் கண்ணில் பட்டான். டெ மாய்ன் நகரத்திலிருந்து வருபவன். சின்ன ஊர்களில் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவதுதான் அவன் பிழைப்பு. புத்தம்புது ஜாக்கெட்டில் கசங்கல்கூட இல்லை. ஏலத்துக்குத்தான் வந்திருக்கிறான். அவனுக்கு இரண்டு மேஜை தள்ளி, பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் வீடு தேடும் ஒரு வயதான தம்பதி.

அந்த நொடியில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இவர்கள் கேட்டால் விலை ஏறும். லட்சத்து இருபதைத் தாண்டினால் லினெட் கேட்க முடியாது. வீடு கைநழுவிப் போகும், அவள் ஒரு வாரம் அழுவாள், தப்பித்துவிடுவாள். யாரும் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள் ஜெனல்.

"இருபது வருஷத்துல நான் இப்படி ஒரு நிலைமையைப் பாத்ததில்ல," என்று ஆரம்பித்தாள். "வீடு தேடி வர்றவங்க இருக்காங்க, வீடுதான் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வர்ற நர்சுக்கு வீடில்ல. ஸ்கூல்ல புதுசா சேந்த வாத்தியாருக்கு வீடில்ல. போன வருஷம் நான் வித்த வீட்டை இன்னிக்கு வித்தா இன்னும் கூடத்தான் போகும். இன்னிக்கு மத்தியானம் மூணாந்தெருவுல ஏலம் போகுதே, அது மாதிரி கெட்டியான வீடு இனிமே இந்த ஊர்ல வராது. யோசிச்சிட்டே நிக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். இப்ப வாங்கலைன்னா அப்புறம் கேக்கவே முடியாது."

"ஆலை எப்படி இருக்கும், ஜெனல்?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

கர்ட் சிரப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"ஆலையா? அது இருக்கிறவரைக்கும் இந்த ஊருக்கு என்ன குறை?" என்றாள் ஜெனல்.

வார்த்தைக்கு வார்த்தை அதில் பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை, அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கை தட்டினார்கள். லினெட் எழுந்து நின்று தட்டினாள்.

விருந்து கலைந்ததும் கர்ட் அவளைத் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"அவளுக்கு மேல யாராவது கேட்டா வீடு போயிடும். நானும் சொல்ல வேண்டாம், நீயும் மாட்ட வேண்டாம்."

"அவ ஒருத்தி மட்டும்தான் அங்க உக்காந்திருந்தாளா?"

அதற்குள் ஓர் இளைஞன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். கோல்பி என்று பெயர். ஆலையில் இரண்டாவது லைனில் கண்ணாடி பொருத்துபவன். போன வசந்தத்தில்தான் கல்யாணம் ஆனது.

"மேடம், ரொம்ப தேங்க்ஸ். வாங்கலாமா வேணாமான்னு நாங்க ரெண்டு பேரும் வீட்ல தினம் சண்டை. நீங்க சொல்லிட்டீங்க, முடிஞ்சிது. திங்கக்கிழமை பேங்க்குக்குப் போறோம்." கர்ட்டைப் பார்த்து, "வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு பேரும் அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆளைக் காப்பாற்ற வலை விரித்தால் அதில் வேறு யாரெல்லாம் வந்து விழுவார்கள் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. நிறுத்தவில்லை. முதலில் லினெட், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லிக்கொண்டாள்.

மதியம் மூன்றாம் தெருவில் இரண்டு பக்கமும் பிக்கப் வண்டிகள். எல்வின் மோவின் சாமான்களையெல்லாம் புல்தரையில் பரப்பியிருந்தார்கள். லூத்தரன் தேவாலயச் சபைப் பெண்கள் வாசலோரம் ஹாம் சாண்ட்விச்சும் ஆப்பிள் பை என்ற இனிப்பும் விற்றார்கள். ஏலம் விடும் வெண்டல் க்ரூஸ் டிரெய்லர் மேல் ஏறி நின்று ஏணி, பனி தள்ளும் இயந்திரம், மீன்பிடி சாமான் என்று ஒவ்வொன்றாக விற்றுத் தள்ளினார். எல்வின் சாகிறவரை யாருக்கும் இரவல் கொடுக்காத ரம்பம் இரண்டு டாலருக்குப் போனது. கூட்டம் சிரித்தது.

கடைசியாக வீடு.

"அரிசோனாவுல இருக்கிற எல்வின் பசங்க சொல்லிட்டாங்க. எந்த விலைக்குக் கேட்டாலும் இன்னிக்குக் கொடுத்துடறதுன்னு," என்றார் வெண்டல். "லட்சத்துல ஆரம்பிக்கலாமா? லட்சம்? யாரும் இல்லியா? தொண்ணூறு? என்னப்பா, காலைல ஜெனல் பேசினதைக் கேட்டு எல்லாரும் பர்சைத் திறந்துட்டு வருவீங்கன்னு பாத்தா! எண்பது? சரி, எழுபது?"

லினெட் தன் ஏல எண் அட்டையைத் தூக்கினாள்.

"எழுபது வந்தாச்சு! எழுபத்தஞ்சு யாரு?"

யாரும் இல்லை.

எழுபத்தைந்துக்காக வெண்டல் வாய் வலிக்கக் கத்தினார். கூட்டம் அசையவில்லை. பண்ணையை விற்ற பெரியவர் தன் அட்டையை மடித்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி லினெட்டைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தாள். டெ மாய்ன்காரன் மட்டும் அட்டையைத் தூக்கப் போனான். பக்கத்தில் நின்ற பன்றிப் பண்ணைக்காரர் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவன் கை கீழே இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஜெனலுக்கு உறைத்தது. செத்தவரின் நிலத்தை அவர் மகனோ, அதில் உழுதவனோ ஏலத்தில் கேட்டால் அவனுக்கு எதிராக வேறு யாரும் கேட்பதில்லை. டன்பர் கவுண்டியில் அது எழுதாத சட்டம். ஆனால் அது நிலத்துக்குத்தான். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு அந்த மரியாதையை யாரும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. இன்றைக்குக் கொடுத்தார்கள். லினெட் பட்ட பாடெல்லாம் ஊர் பார்த்திருந்தது. யாரும் கூடிப் பேசவில்லை. அவரவர் கையை அவரவர் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த வீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

"எழுபதாயிரம்... ஒரு தரம்!" என்றார் வெண்டல். குரலில் அவருக்கும் சந்தோஷம்தான்.

லினெட்டின் கண் நிறைந்துவிட்டது.

கையெழுத்து. முப்பது வருடக் கடன். ஜனவரியில் வேலை போகும். ஜெனலின் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

"ரெண்டு தரம்..."

"எழுபத்தஞ்சு!"

சொன்னது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனலின் கை மேலே இருந்தது. அவள் கையில் அட்டைகூட இல்லை.

வெண்டல் மைக்கைக் கொஞ்சம் இறக்கினார். "ஜெனல்... உன் தங்கச்சிதாம்மா கேட்டிருக்கா. கவனிக்கலியா?"

"கவனிச்சேன். எழுபத்தஞ்சு."

சபைப் பெண்களில் ஒருத்தி ஆப்பிள் பை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். லினெட்டுக்கு முதலில் புரியவில்லை. ஏதோ உதவிக்குத்தான் அக்கா கையைத் தூக்கினாள் என்று நினைத்தவள் போலப் பாதிச் சிரிப்போடு பார்த்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"எண்பது," என்றாள்.

"எண்பத்தஞ்சு," என்றாள் ஜெனல்.

"தொண்ணூறு."

"லட்சம்."

"ஏய், உனக்கு என்னடி ஆச்சு?" என்று கூட்டத்துக்கு நடுவே கத்தினாள் லினெட். "இருக்கிற வீடு போதலியா உனக்கு? வெண்டல், லட்சத்து அஞ்சு!"

வெண்டல் ஏலம் விடுவதையே மறந்துவிட்டார். இரண்டு பேரும் நேருக்கு நேராகக் கேட்டுக்கொண்டார்கள். லட்சத்து இருபது என்றாள் லினெட். அதோடு அவள் எல்லை முடிந்தது. இன்னும் ஒரே ஒரு படி, முடிந்துவிடும், தங்கை தப்பித்துவிடுவாள், ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே ஜெனல், "லட்சத்து இருபத்தொண்ணு," என்றாள்.

லினெட் அவளைப் பார்த்தாள். சின்ன வயசில் பொம்மையைப் பிடுங்கினால் இப்படித்தான் பார்ப்பாள். அழ மாட்டாள்.

"லட்சத்து முப்பது."

ஜெனல் மறுபடி வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து கர்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினான். "நிறுத்து," என்றான் மெதுவாக. "அவ நிறுத்த மாட்டா. இருக்கிறதை வித்தாவது கேப்பா."

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். வெண்டல் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். யாரும் கை தட்டவில்லை. கூட்டம் ஜெனலைச் சுற்றிக் கொஞ்சம் விலகி வழிவிட்டது. காலையில் அவள் பேச்சுக்குக் கை தட்டிய பன்றிப் பண்ணைக்காரர் அவளைக் கண்டதும் மேப்பிள் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கராஜை நோக்கி நடக்கும்போதுதான் அவளுக்கு அந்தக் கணக்கு உதித்தது. ஊரே பார்த்து எழுபதாயிரத்துக்கு விட்டுக்கொடுத்த வீடு. எழுபதாயிரத்துக்கு மாதத் தவணை என்ன வரும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். மளிகைக் கடை கல்லாவில் நின்றால்கூடக் கட்டிவிடலாம். ஆலை போனாலும் அந்த வீடு லினெட்டுக்கு நின்றிருக்கும். பிரின் வந்திருப்பாள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். பேச வேண்டிய வாரம் முழுக்க மூடிவைத்திருந்த வாயை, மூட வேண்டிய ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டாள்.

கராஜில் மடக்கு மேஜை போட்டு, ஏலக் கணக்கெழுதும் டார்லீன் ஒப்பந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். லினெட் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே செக் எழுதினாள்.

"பேங்க் லட்சத்து இருபதுதானே தரும்? மேல பத்தாயிரம்?" என்று டார்லீன் தயங்கினாள்.

"ஓய்வுக் காலத்துக்குப் போட்டு வெச்சதை உடைக்கிறேன்," என்றாள் லினெட். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"போடாத," என்றாள் ஜெனல்.

லினெட் திரும்பவில்லை. "டார்லீன், இவளை வெளிய போகச் சொல்லு."

"லினெட், ஒரே ஒரு நிமிஷம். நான் வீட்டுக்காகக் கேக்கல. உன்னை நிறுத்தத்தான் கேட்டேன். ஆலைல ரெண்டாவது லைனை மூடப் போறாங்க. ஜனவரில. உனக்கு வேலை இருக்காது. அதான். போடாத."

சொல்லிவிட்டாள். கதவோரம் சாண்ட்விச்சோடு நின்ற இரண்டு மூன்று பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

லினெட் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க ஜெனலால் முடியவில்லை.

"காலைல என்ன சொன்ன? ஊரைக் கூட்டி வெச்சு மைக்குல சொன்னியே. வாங்கலைன்னா கேக்கவே முடியாதுன்னு. ஆலைக்கு என்ன குறைன்னு. அப்ப மூடலியா? வீடு உனக்குக் கிடைக்கலைன்ன உடனே மூடிட்டாங்களா?"

"அது நான்... நீ தோத்துடணும்னு சொன்னேன். விலை ஏறணும்னு."

"கேட்டியா டார்லீன்? நான் தோத்துடணுமாம். அக்கான்னா இப்படித்தான் இருக்கணும்!"

"சத்தியமா சொல்றேன் லினெட்."

"உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. நானும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்," என்றாள் லினெட். குரல் இப்போதுதான் உடைந்தது. "சரி, நீ சொல்றதை விடு. தெரிஞ்சவங்களைக் கேப்போம்." ஜெனலின் தோளுக்கு மேலாகப் பார்த்து, "கர்ட்! இங்க வாங்க. ரெண்டாவது லைனை மூடப் போறீங்களா?"

கர்ட் கராஜ் வாசலில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள் ஜெனல். டென்னசியும் வேண்டாம், பணமும் வேண்டாம், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் விட்டுக்கொடுக்க அவள் இந்த ஒரு நொடியில் தயாராகிவிட்டாள். ஆனால் வாரம் முழுக்க, சொல்லாதே சொல்லாதே என்று அவனைக் கட்டிப் போட்டவளும் அவள்தான்.

கர்ட் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவினான். கான்கிரீட் தரையில் பழைய எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு அப்படி எதுவும் தெரியாது, லினெட்."

லினெட் குனிந்து கையெழுத்துப் போட்டாள். மூன்று இடத்தில் போட வேண்டியிருந்தது. டார்லீன் விரலால் காட்டக் காட்ட, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் போட்டாள். செக்கைக் கிழித்து வைத்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுக்கு எனக்குத் தட்டு வைக்காத," என்று ஜெனலிடம் சொன்னாள். "நாளைக்கு மட்டும் இல்ல." கர்ட்டைத் தாண்டும்போது அவன் கையை ஒருமுறை அழுத்தினாள். "நீங்களாவது உண்மை பேசினீங்க."

கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. வெளியே யாரோ அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்வது கேட்டது. கதவோரம் நின்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கராஜில் மூன்று பேர்தான் மிச்சம். ஜெனலுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றுதான் தோன்றியது.

டார்லீன் தாள்களை அடுக்கிக் கிளிப் போட்டாள். செக்கைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்புக் கேட்பது போன்ற குரலில் கேட்டாள்.

"ஜெனல், எங்க வீட்டுக்காரர் முதல் லைன்ல இருக்காரு. அவரோடதும் போகுதா?"

"இல்ல, இல்ல. ரெண்டாவது மட்டும்தான்," என்றாள் ஜெனல். கேட்டவளுக்காவது ஓர் ஆறுதல் கொடுக்க முடிந்ததே என்று உடனே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, ஆமாம் என்று ஒரு தலையசைப்புக்காகக் கர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

கர்ட் தலையசைக்கவில்லை. அந்த எண்ணெய்க் கறையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

"கர்ட்?" என்றாள் ஜெனல்.